முகாமுக்குச் செல்லும் பிள்ளையும் வீட்டு ஏக்கமும்

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், பிள்ளைகளை வெளியூர் முகாம்களுக்கு அனுப்பும் வழக்கம் இன்று நம்மிடையே பெருகி வருகிறது. சாரணர் முகாம், விளையாட்டுப் பயிற்சி முகாம், ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் நடைபெறும் இயற்கை முகாம் எனப் பலவகை உண்டு. ஐந்து நாள் முதல் மூன்று வாரம் வரை பிள்ளை பெற்றோரைப் பிரிந்திருக்க நேரிடுகிறது. அப்போது பெற்றோர் மனத்தில் எழும் முதல் கவலை, "என் பிள்ளை அழாமல் இருக்குமா?" என்பதே. ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு போன்ற நோய்களுக்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்ளும் பிள்ளையாயின் அக்கவலை இரட்டிப்பாகிறது.

வீட்டை நினைத்து ஏங்குவது நோயன்று. ஆயினும் அதனைப் புறக்கணிப்பதும் தகாது. முன்கூட்டியே ஆயத்தம் செய்தால் அதன் கடுமையைப் பெரிதும் குறைக்கலாம் என்பது குழந்தை நல மருத்துவம் கண்டறிந்த உண்மை. அந்த ஆயத்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வீட்டு ஏக்கம் என்பது யாது?

வீட்டிலிருந்தும், அன்புக்குரியவர்களிடமிருந்தும் பிரிந்திருக்கும்போது அல்லது பிரியப்போகிறோம் என எண்ணும்போது தோன்றும் துயரமும் பதற்றமுமே வீட்டு ஏக்கம். இதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, வீட்டைப் பற்றிய நினைவு மீண்டும் மீண்டும் மனத்தை ஆட்கொள்வது. மற்றொன்று, அந்நினைவால் எழும் துன்ப உணர்ச்சி. நினைவு வந்து போவது எல்லோர்க்கும் இயல்பு. அது விளையாட்டையும் உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் அளவுக்கு ஓங்கும்போதுதான் உதவி தேவைப்படுகிறது.

இவ்வுணர்வு புதியதன்று. பாலைத் திணைக்குப் பிரிவையே உரிப்பொருளாக வகுத்த மரபு நம்முடையது. மேலை மருத்துவத்தில், 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் இதனைத் தம் ஆய்வேட்டின் பொருளாகக் கொண்டார். அயல்நாட்டில் வாழ்ந்த இளைஞர்களிடம் காணப்பட்ட இத்துயரத்துக்கு, 'வீடு திரும்புதல்', 'வலி' என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நாஸ்டால்ஜியா' எனப் பெயரிட்டார். இன்று அச்சொல் பழைய நாள்களை நினைத்து மகிழும் இனிய ஏக்கத்தைக் குறிக்கிறது. அது பிறந்தபோது ஒரு நோயின் பெயராகவே இருந்தது.

மருத்துவமனைகளும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றன. முற்காலத்தில் பல நாடுகளின் குழந்தைகள் பிரிவுகளில் பெற்றோர் வாரத்தில் சில மணி நேரமே பிள்ளையைக் காண அனுமதிக்கப்பட்டனர். 1952ஆம் ஆண்டு பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் நிலையைப் படமெடுத்துக் காட்டினார். அழாமல் அமைதியாகக் கிடக்கும் குழந்தை தேறிவிட்டது என்று பொருளன்று. அது துயரத்தை உள்ளே அடக்கிக் கொண்டிருக்கலாம் என்பதை அப்படம் உணர்த்தியது. 1959ஆம் ஆண்டு அந்நாட்டில் வெளியான பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மருத்துவமனைப் படுக்கையில் தாயோ தந்தையோ உடனிருப்பது இன்று இயல்பாகியிருப்பதற்கு அத்தகைய முயற்சிகளும் காரணம்.

முகாம் இதனின் வேறுபட்டது. அங்கு வலியில்லை, பிள்ளை சற்றே வளர்ந்தது, திரும்பும் நாள் முன்பே தெரியும். ஆகவே முகாமில் பெற்றோர் உடனிருக்கத் தேவையில்லை. ஆனால் 'அழவில்லை, ஆதலால் துயரமில்லை' என்று முடிவு கட்டக்கூடாது என்னும் பாடம் இரண்டிடத்துக்கும் பொது.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவில் கோடை முகாம் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். எனவே இத்துறையின் முதன்மையான ஆய்வுகள் அங்கே நடைபெற்றன. உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், இரண்டு வார முகாமில் தங்கியிருந்த 8 முதல் 16 வயது வரையிலான 329 சிறுவர்களை ஆராய்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் 83 விழுக்காட்டினர் குறைந்தது ஒரு நாளாவது வீட்டை நினைத்து ஏங்கினர். மிகப் பெரும்பாலோர்க்கு அது மென்மையான உணர்வே. ஏறத்தாழ 6 விழுக்காட்டினர்க்கு மட்டும் கடுமையான சோர்வும் பதற்றமும் காணப்பட்டன.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்துகள் இரண்டு. முதலாவது, உங்கள் பிள்ளை ஏங்கினால் அது கோழைத்தனமும் அன்று, உங்கள் வளர்ப்பின் குறையும் அன்று. பெரும்பாலான பிள்ளைகளின் அனுபவமே அது. இரண்டாவது கருத்து நம் வழக்கமான நம்பிக்கைக்கு மாறானது. "இரண்டு நாள் அழும், பிறகு சரியாகிவிடும்" என்பர் பெரியோர். மென்மையான ஏக்கத்துக்கு இது பொருந்தும். கடுமையாக ஏங்கிய சிறுவர்களிடமோ, நாள் செல்லச் செல்லத் துயரம் மிகுந்து, வீடு திரும்பும் வேளை நெருங்கியபோதே அது சட்டெனத் தணிந்தது. எனவே கடும் ஏக்கத்தைக் காலத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருத்தல் போதாது.

2007ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இப்பொருள் பற்றித் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வீட்டு ஏக்கத்தை வந்தபின் போக்குவதினும் வருமுன் தடுப்பதே எளிது என்பதே அதன் சாரம்.

யாரிடம் ஏக்கம் மிகும்?

வயது ஒரு காரணமே. வயது குறைந்த பிள்ளைகளிடம் ஏக்கம் சற்று மிகுதி. ஆனால் வயதைக் காட்டிலும் பழக்கமே பெரிது. ஓர் இரவேனும் பெற்றோரைப் பிரிந்து உறங்கியறியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையினும், விடுமுறைதோறும் பாட்டி வீட்டில் தங்கிப் பழகிய ஒன்பது வயதுப் பிள்ளை எளிதில் தேறும். இவற்றோடு பின்வரும் நிலைகளிலும் ஏக்கம் மிகுதியாகத் தோன்றலாம்:

• தன் விருப்பம் கேட்கப்படாமல், வற்புறுத்தி அனுப்பப்பட்ட பிள்ளை.
• முகாம் கொடியது, துன்பம் தருவது என முன்னரே எண்ணிச் செல்லும் பிள்ளை.
• வீட்டில் அண்மையில் மரணம், நோய், பெற்றோர் பிணக்கு, இடமாற்றம் முதலியன நிகழ்ந்திருத்தல்.
• தன்னால் எதையும் மாற்ற இயலாது என்னும் எண்ணம் உடைய பிள்ளை.
• பெற்றோரின் கலக்கத்தைக் கண்கூடாகக் காணும் பிள்ளை.

நம் வீடுகளில் பிள்ளைகள் பத்து வயது கடந்தும் தாயின் அருகில் பாய் விரித்துப் படுப்பது பரவலான வழக்கம். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அத்தகைய பிள்ளைக்குப் பகற்பொழுது இனிதே கழிந்து, விளக்கணைந்த பின்னரே ஏக்கம் தலைதூக்கும் என்பதைப் பெற்றோர் முன்னறிந்து ஆயத்தம் செய்ய வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. முடிவெடுப்பதில் பிள்ளைக்குப் பங்கு கொடுங்கள். எந்த முகாம், எத்தனை நாள், உடன் வரும் நண்பர் யார், பெட்டியில் எவை எவை என்பனவற்றைப் பிள்ளையோடு கலந்து முடிவு செய்யுங்கள். 'அனுப்பப்பட்டேன்' என்னும் உணர்வுக்கும் 'சென்றேன்' என்னும் உணர்வுக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

2. பிரிந்திருக்கப் பழக்குங்கள். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே, தாத்தா பாட்டி, அத்தை, சித்தி ஆகியோர் வீட்டில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்கச் செய்யுங்கள். அந்நாள்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியில் அழைத்தல் கூடாது. திரும்பி வந்ததும், "எப்போது என் நினைவு வந்தது? அப்போது என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை தானே கண்ட வழி, பிறர் சொல்லித்தரும் பத்து வழிகளுக்கு மேலானது.

3. தனித்து உறங்கப் பழக்குங்கள். முகாமில் உள்ளதுபோல் தனிப் பாயிலோ கட்டிலிலோ சில வாரங்கள் உறங்கச் செய்யுங்கள். இரவில் எழுந்து கழிப்பறைக்குத் தானே சென்று வரவும் பழக்குங்கள்.

4. அன்றாடச் செயல்களில் தன்னிறைவு ஏற்படுத்துங்கள். தலைவாரிக் கொள்ளுதல், துணி துவைத்து உலர்த்துதல், தட்டைக் கழுவுதல், பொதுக் குளியலறையில் குளித்தல் ஆகியவற்றைச் செய்யத் தெரியாத பிள்ளை, ஒவ்வொரு செயலிலும் வீட்டை நினைக்கும். பொதுக் கழிப்பறைக்குக் கூச்சப்பட்டு மலத்தை அடக்குவதால் வரும் வயிற்றுவலி முகாம்களில் மிகச் சாதாரணம். அதனை முன்பே எடுத்துக் கூறுங்கள். பத்து வயதை எட்டிய பெண் குழந்தையாயின் மாதவிடாய் பற்றித் தெளிவாகச் சொல்லி, தேவையான பொருள்களையும் பெட்டியில் வைத்து, யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்பதையும் கூறி அனுப்புங்கள்.

5. காலத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள். 'பதினான்கு நாள்' என்பது சிறு பிள்ளைக்கு எல்லையற்ற காலமாகத் தோன்றும். நாட்காட்டியில் புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் வட்டமிட்டுக் காட்டுங்கள். சென்ற ஆண்டு திருவிழாவுக்காக ஊரில் தங்கிய நாள்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். சிறு நாட்காட்டி ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள்.

6. ஏக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். அதைப் பற்றிப் பேசினால் அது வந்துவிடும் என அஞ்ச வேண்டா. "உனக்கு எங்கள் நினைவு வரும், எல்லோருக்கும் வரும். வந்தால் என்ன செய்யலாம் என்று இப்போதே பார்ப்போம்" எனக் கூறுங்கள். பின்வரும் வழிகளைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்: விளையாட்டில் சேர்ந்துகொள்ளுதல், நண்பரிடமோ பொறுப்பாளரிடமோ சொல்லுதல், வீட்டுக்குக் கடிதம் எழுதுதல், இன்னும் எத்தனை நாள் என எண்ணிப் பார்த்தல், அன்று நடந்த நல்லது ஒன்றை நினைத்தல்.

7. வீட்டின் அடையாளம் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். குடும்பப் புகைப்படம், தாயின் பழஞ்சேலையால் தைத்த போர்வை, பழகிய தலையணை உறை ஆகியவற்றுள் ஒன்று போதும். முகவரி எழுதிய அஞ்சலட்டைகள் நான்கைந்தும் வையுங்கள்.

"பிடிக்காவிட்டால் அழைத்து வந்துவிடுகிறேன்"

பெற்றோர் அன்பினால் கூறும் இச்சொல், நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிக்கையும் இத்தகைய வாக்குறுதியைத் தவிர்க்கவே சொல்கிறது. காரணங்கள் தெளிவானவை.

இச்சொல்லைக் கேட்ட பிள்ளை, 'எனக்குப் பிடிக்காமல் போகும் என அம்மா எதிர்பார்க்கிறாள்; என்னால் இயலாது என அப்பா எண்ணுகிறார்' என்றே பொருள் கொள்கிறது. முதல் நாள் இரவில் சிறு ஏக்கம் தோன்றியதும், அதைத் தாங்கும் வழியைத் தேடாமல் வாக்குறுதியையே நினைக்கும். அடுத்த நாள் அழைப்பு வரும். அப்போது நீங்கள் சென்று அழைத்து வந்தால், 'என்னால் இயலவில்லை' என்னும் முத்திரை பிள்ளை மனத்தில் பதியும். அழைத்து வராவிட்டால், பெற்றோர் சொல் பொய்த்தது என்னும் வடு விழும். இரண்டும் இழப்பே.

அதற்கு மாறாக, "முதல் இரண்டு மூன்று நாள் கடினமாக இருக்கலாம். உன்னால் சமாளிக்க முடியும். அங்கே உள்ள அக்காவும் அண்ணனும் உனக்கு உதவுவார்கள். பதினைந்தாம் தேதி காலை நாங்கள் வந்து அழைத்துக்கொள்வோம்" என்று கூறுங்கள். இதில் பொய்யில்லை, நம்பிக்கையும் குறையவில்லை.

விடைபெறும் வேளையில் அழுகையை நீட்டிக்க வேண்டா. பிள்ளையின் இடத்தைப் பார்த்து, பொறுப்பாளரிடம் அறிமுகப்படுத்தி, அணைத்து முத்தமிட்டு, விடைபெற்றுக் கிளம்புங்கள். சொல்லாமல் மறைந்து செல்வது எக்காலத்தும் தவறு. "நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேனோ" என்னும் சொல், பிள்ளையின் தோளில் உங்கள் துயரத்தையும் ஏற்றிவிடும்.

முகாம் நடைபெறும் நாள்களில்

கடிதம் எழுதுங்கள். முதல் கடிதம் பிள்ளை சென்ற இரண்டாம் நாளே கிடைக்குமாறு புறப்படும் அன்றே பொறுப்பாளரிடம் கொடுத்துவிடலாம். கடிதத்தில் பிள்ளையின் நாளைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் நடக்கும் கொண்டாட்டங்களையும், அவன் இல்லாததால் நாய்க்குட்டி உண்ணாமலிருப்பதையும் எழுதாதீர்கள்.

தொலைபேசி வேறு வகையானது. கடிதம் எழுதும்போது பிள்ளை தன் உணர்வைச் சொற்களாக்கி ஒழுங்குபடுத்துகிறது. தாயின் குரலைக் கேட்டதுமோ, அடங்கியிருந்த ஏக்கம் பொங்கி எழும். ஆகவே பேசுவதற்கு முகாம் வகுத்த நேரத்தையும் எண்ணிக்கையையும் மதியுங்கள். பேசும்போது அழுதால், "எனக்குப் புரிகிறது கண்ணு. அது கஷ்டம்தான். இப்போது யாரிடம் சொல்லலாம்? மாலையில் என்ன விளையாட்டு?" என்று அமைதியாகக் கேளுங்கள். அழுகையைக் கேலி செய்வதும், உடனே நாமும் அழுவதும் ஒருங்கே தவிர்க்க வேண்டியவை. பேசி முடித்த பின் பொறுப்பாளரைத் தனியே அழைத்து நிலையை விசாரியுங்கள். தொலைபேசியில் அழுத பிள்ளை, வைத்த பத்தாம் நிமிடத்தில் பந்தாடிக் கொண்டிருப்பது அரிதன்று.

முகாமில் பணியாற்றுவோர் இதனைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு சொல்: ஏங்கும் பிள்ளையைத் தனியே உட்கார வைக்காதீர்கள். அருகிலிருந்து கேட்டபின், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். உணவு பரிமாற, பந்துகளை எண்ண, இளைய பிள்ளைக்கு உதவ அழையுங்கள். உண்ட பின்னான ஓய்வு வேளையும், விளக்கணைக்கும் வேளையும் ஏக்கம் பெருகும் நேரங்கள். அப்போது ஒரு கதையும் அருகில் ஒரு பெரியவரும் இருத்தல் நலம்.

நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகள்

நாட்பட்ட நோய் இருப்பதனாலேயே முகாமின் மகிழ்ச்சியைப் பிள்ளைக்கு மறுக்க வேண்டியதில்லை. 1922ஆம் ஆண்டு இன்சுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே நீரிழிவுள்ள குழந்தைகளுக்கெனத் தனி முகாம்கள் அமெரிக்காவில் தோன்றிவிட்டன. ஆயினும் இப்பிள்ளைகளிடம் ஓர் இடர் உண்டு. நோயின் அறிகுறியை வீட்டு ஏக்கம் எனவும், வீட்டு ஏக்கத்தை நோய் எனவும் மயங்கக்கூடும். முதல் மயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் வகை நீரிழிவு: இரத்தச் சர்க்கரை தாழும்போது பிள்ளை வெளிறி, வியர்த்து, நடுங்கி, காரணமின்றிச் சினந்து அழும். பார்ப்பவர் "வீட்டை நினைத்து அழுகிறாள்" என எண்ணிவிடலாம். ஆகவே நீரிழிவுள்ள பிள்ளை அழுதாலோ சோர்ந்தாலோ முதலில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். ஆறுதல் அதன் பின்னரே. 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால், மருத்துவர் எழுதித் தந்த அளவில் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவி உடனே கிடைக்காவிடில், காத்திராமல் குளுக்கோஸ் கொடுக்கலாம். நினைவிழந்தால் வாயில் எதையும் ஊட்டாமல் 108ஐ அழைக்க வேண்டும். மாறாக, சர்க்கரை மிகுந்து கீட்டோன் பெருகும்போது வயிற்றுவலி, வாந்தி, மிகுந்த தாகம், மூச்சிரைப்பு தோன்றும். அதனை 'ஏக்கத்தால் வந்த வயிற்றுவலி' எனக் கருதிப் படுக்க வைத்தல் பெருந்தவறு. வீட்டைவிட முகாமில் ஓட்டமும் ஆட்டமும் மிகுதி. எனவே இன்சுலின் அளவையும் இடையுணவையும் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஏக்கத்தால் உணவைத் தள்ளும் பிள்ளைக்கு வழக்கமான அளவு இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை தாழும் என்பதையும் பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டும். கோடை வெப்பத்தில் இன்சுலினை வெயிலிலோ வண்டியினுள்ளோ வைக்கக்கூடாது. பனிக்கட்டியாய் உறையவும் விடக்கூடாது.

ஆஸ்துமா: நெடுநேர அழுகை, இரவுக் குளிர், நெருப்பு மூட்டும் நிகழ்ச்சியின் புகை ஆகிய மூன்றும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் பெட்டியின் அடியில் அல்ல, பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அன்றாடத் தடுப்பு மருந்தை 'விடுமுறைதானே' என்று நிறுத்தக்கூடாது.

வலிப்பு: உறக்கக் குறைவும் மாத்திரை தவறுதலும் வலிப்பைத் தூண்டும். ஏங்கும் பிள்ளை இரவில் உறங்காது என்பதால் இங்கு ஏக்கமே மருத்துவப் பொருளாகிறது. மாத்திரை கொடுப்பவர் இன்னார் என ஒருவரைப் பெயர் குறித்து ஒப்படையுங்கள். நீச்சலில் அருகிலிருந்து கண்காணிப்பு கட்டாயம்.

படுக்கையில் சிறுநீர் கழித்தல்: ஏழு வயதில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு. "முகாமுக்குப் போகமாட்டேன்" என்னும் பிடிவாதத்தின் பின்னே பலவேளை இந்த வெட்கமே ஒளிந்திருக்கும். பிள்ளையைக் கடியாமல் கேட்டறிந்து, மருத்துவரிடம் வழி கேளுங்கள். மாற்றுடையும் விரிப்பும் கொடுத்து, பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் கமுக்கமாகச் சொல்லி வையுங்கள்.

இத்தகைய பிள்ளைகள் அனைவரிடமும் ஒருபக்கத் தாள் ஒன்று இருத்தல் வேண்டும். நோயின் பெயர், மருந்து, அளவு, வேளை, ஒவ்வாமை, ஆபத்து அறிகுறிகள், உடனே செய்ய வேண்டியவை, பெற்றோர் எண், மருத்துவர் எண் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். மருந்துகளைத் தேவைக்கு மேல் சில நாள்களுக்குச் சேர்த்து அனுப்புங்கள்.

இது ஏக்கம் அன்று என எப்போது ஐயுற வேண்டும்?

பின்வரும் நிலைகளில் "பொறுத்துக்கொள்" என்னும் சொல் பொருந்தாது:

• காய்ச்சல், தொடர் வாந்தி, ஓரிடத்தில் நிலைத்த வயிற்றுவலி, மூச்சிரைப்பு.
• ஒரு நாளுக்கு மேல் உணவையோ நீரையோ முற்றிலும் மறுத்தல்.
• தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் உறங்காமை. எதிலும் சேராமல் ஒதுங்கியிருத்தல்.
• தனக்குத் தீங்கு செய்துகொள்வேன் என்று கூறுதல். முகாமைவிட்டு ஓடிப்போக முயலுதல்.
• குறிப்பிட்ட ஒருவரையோ ஓர் இடத்தையோ கண்டு மட்டும் அஞ்சுதல். உடலில் விளக்கமற்ற காயம்.

கடைசியாகச் சொன்ன நிலை தனிக் கவனத்துக்குரியது. பிள்ளை "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொல்வது, அடித்தலையோ கேலியையோ தகாத தொடுதலையோ சொல்ல இயலாததன் வெளிப்பாடாகவும் இருக்கலாம். எனவே 'அழைத்து வருவேன்' என்று முன்கூட்டி வாக்களிக்கக்கூடாது என்னும் அறிவுரை, பாதுகாப்புக் குறித்த ஐயத்துக்குப் பொருந்தாது. "யாராவது உன்னை வருத்தினால், எந்நேரமானாலும் எங்களிடம் சொல், உன்மேல் கோபப்பட மாட்டோம்" என்பதைப் புறப்படும் முன்னரே தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஐயம் எழுந்தால் உடனே நேரில் செல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் எண் 14416ஐ அழைக்கலாம்.

திரும்பி வந்த பின்

வந்ததும் "அழுதாயா?" என்பது முதல் கேள்வியாக வேண்டா. "என்ன புதிதாகக் கற்றாய்? யார் நண்பர் ஆனார்?" என்று தொடங்குங்கள். ஏங்கியதாகச் சொன்னால், "ஏங்கியும் இருந்து வந்தாயே, எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். அவ்விடையே அடுத்த பிரிவுக்கான மருந்து. இடையில் திரும்ப நேர்ந்த பிள்ளையாயினும் உறவினர் முன் அதனைச் சொல்லி நகைக்காதீர்கள். எத்தனை நாள் தாங்கியது என்பதைப் பாராட்டி, அடுத்த ஆண்டு குறுகிய முகாம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோர் கேட்கும் வினாக்கள்

எந்த வயதில் அனுப்பலாம்?
எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் ஒரே வயது இல்லை. உறவினர் வீட்டில் சில இரவுகள் தங்கியிருத்தல், தன் வேலைகளைத் தானே செய்தல், தேவையைப் பெரியவரிடம் கேட்கத் தெரிதல், தானே விரும்புதல் ஆகிய நான்கும் இருப்பின் பிள்ளை ஆயத்தம் எனலாம்.

அக்கா தங்கையரை ஒன்றாக அனுப்பினால் ஏக்கம் வராதா?
துணை நல்லதே. ஆனால் மூத்த பிள்ளையை இளையதற்குத் தாயாக்கிவிடக்கூடாது. அதற்கும் தன் விளையாட்டு வேண்டும். அதற்கும் ஏக்கம் வரும்.

உண்மையிலேயே அழைத்து வர வேண்டிய நிலை உண்டா?
உண்டு. மேற்கண்ட ஆபத்து அறிகுறிகள் இருப்பின் உடனே அழைத்து வருக. அவை இல்லாது, பொறுப்பாளர் சில நாள் முயன்றும் பிள்ளை உண்ணாது உறங்காது துன்புற்றால், அவரோடு கலந்து முடிவெடுக்கலாம். அம்முடிவு பெற்றோரும் பொறுப்பாளரும் சேர்ந்து எடுத்ததாக இருக்க வேண்டும்; நள்ளிரவு அழைப்பில் பதறி எடுத்ததாக இருக்கக்கூடாது.

விடுதிப் பள்ளியில் சேரும் பிள்ளைக்கும் இவை பொருந்துமா?
பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அங்குத் திரும்பும் நாள் தொலைவில் உள்ளது. ஆகவே முதல் பருவத்தில் வீட்டுக்கு வரும் நாள்களை முன்பே குறித்துக் காட்டுவதும், அந்நாள்களைத் தவறாது காப்பதும் இன்றியமையாதவை. படிப்பில் திடீர்ச் சரிவும் அடிக்கடி உடல்நலக் குறையும் கண்டால் மருத்துவரை அணுகுங்கள்.

முகாமுக்குச் செல்லும் பிள்ளைகள் இரண்டு வாரம் முன்னதாகவே உடற்பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தடுப்பூசி அட்டையையும், உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் எடுத்து வாருங்கள். மேலே கூறிய ஒருபக்கத் தாளை நிரப்புவதற்குக் குழந்தைகள் பிரிவின் மருத்துவரும் செவிலியரும் உங்களுக்கு உதவுவர்.